முன் சீட்டுக்கு ஒரு காபி

அத்தியாயம் 4

"மேடம், என் ஷூ நாறுது."

காலையிலிருந்து கிட்டுசாமி இதைச் சொல்வது நான்காவது தடவை. காமாக்ஷி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடது பக்கம் கடல் இருக்கிறது என்று மேப் சொன்னது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் வெறும் வெள்ளைப் பனிமூட்டம். நாற்பது நிமிடமாக எதிரில் ஒரு வண்டிகூட வரவில்லை. செல்போனில் சிக்னல் செத்து ஒரு மணி நேரமாகிறது.

"கடற்கரையோரமா போறோம் கிட்டு. மீன் வாடை அடிக்காம மல்லிப்பூ வாசனையா அடிக்கும்?"

"கடல் மேல பழி போடாதீங்க. கோல்டன் கேட் பிரிட்ஜ் ஏறும்போதே அடிச்சுது. நேத்து ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு குப்பைத் தொட்டியை இடிச்சுத் தள்ளிட்டேன்னு சொன்னேன் இல்ல? உள்ள இருந்ததெல்லாம் கால் மேலதான். குனிஞ்சு அள்ளிப் போட்டுட்டு வந்தேன். புது ஷூ மேடம். சேல்ல வாங்கினது."

"அதனாலதான் இன்னைக்கு நான் டிரைவ் பண்றேன்."

கிட்டுசாமிக்குப் பொள்ளாச்சி. பதினோரு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவன். டாட் காம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தபோது இவன் கம்பெனியும் கவிழ்ந்தது. "அடுத்தவன் செஞ்ச தப்பைக் கண்டுபிடிக்கறதுதான் என் தொழில், அதை எந்த ஆபீஸ்ல செஞ்சா என்ன" என்று சொல்லிக்கொண்டு, மில்பிடாஸில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இருக்கும் காமாக்ஷியின் துப்பறியும் ஆபீஸில் வந்து உட்கார்ந்தான். வாய் ஓயாது. ஆனால் அவன் வந்த பிறகுதான் அந்த ஆபீஸில் பேச்சுச் சத்தம் என்று ஒன்று கேட்க ஆரம்பித்தது என்பது காமாக்ஷிக்குத் தெரியும். வாய் திறந்து ஒப்புக்கொள்ள மாட்டாள்.

காமாக்ஷிக்கு ஐம்பத்திரண்டு வயது. சென்னையில் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விசாரித்தவள். பொய் சொல்கிறவன் எந்த வார்த்தையில் எச்சில் விழுங்குவான் என்பது அவளுக்கு அத்துப்படி. கணவர் போய் ஆறு வருஷமாகிறது. இன்னமும் பழக்கதோஷத்தில் ஒரு கேலன் பால் வாங்கி, பாதியை சிங்க்கில் கொட்டுகிறாள்.

"அரை கேலன் டப்பா விக்கறான் மேடம். தெரியுமோ?" என்று கிட்டுசாமி ஒரு நாள் கேட்டான். அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை.

கேஸ் இதுதான். நியூஜெர்ஸி ஐசலினில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுஃபியான், பூர்வீகம் கீழக்கரை. அவருடைய தங்கை லத்தீஃபாவும் மாப்பிள்ளை முகம்மதுவும் குபெர்டினோவில் குடியிருக்கிறார்கள். பிள்ளை குட்டி இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு வடக்குக் கடற்கரைப் பக்கம் சுற்றுலா கிளம்பியதாகத் தகவல். பத்து நாள் என்றுதான் பேச்சு. இப்போது மார்ச் கடைசி வாரம். திரும்பவில்லை.

முகம்மது மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் மச்சானுக்கு ஃபோன் செய்கிறார். லத்தீஃபாவைக் கொடுங்கள் என்றால் குளிக்கிறாள், தொழுகிறாள், தூங்குகிறாள். பக்ரீத் பெருநாளன்றுகூட அவள் லைனில் வரவில்லை. அன்றைக்குத்தான் சுஃபியானுக்குச் சந்தேகம் தட்டியது.

நேற்று ஃபோனில் அவர் சொன்னது காமாக்ஷியின் காதில் இன்னும் இருந்தது. "நாளைக்கு உங்க டயம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன் மேடம். அதுக்குள்ள என் தங்கச்சி குரலைக் கேக்கணும். இல்லைன்னா போலீஸுக்குப் போவேன். அவனே கொன்னுட்டான்னு எழுதிக் குடுப்பேன்."

டிவியைத் திறந்தால் பாலைவனமும் அமெரிக்கப் பீரங்கியுமாக யுத்தம். இந்த நேரத்தில் முகம்மது என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத கரையில் இரண்டரை மாதமாக மோட்டல் மோட்டலாக அலைகிறவனை போலீஸ் பிடித்தால் கேள்வி கேட்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் உள்ளே வைப்பார்கள். கேள்வி அப்புறம்தான்.

"மேடம், உங்க சர்வீஸ்ல எப்பவாவது தப்பு பண்ணியிருக்கீங்களா?" கிட்டுசாமி ஷூவைக் கழற்றிக் காலால் எட்டத் தள்ளி வைத்தான்.

"ஒரே ஒரு தடவை. வாணியம்பாடி. புருஷன் செத்துட்டான், பாலிஸி இருக்கு. பொண்டாட்டி வந்து கையெழுத்துப் போடணும். நாலு தடவை போய்க் கதவைத் தட்டினேன். உள்ள ஆள் இருக்கு, பாத்திரச் சத்தம் கேக்குது, வெளில மட்டும் வர மாட்டேங்கறா. சந்தேகத்துக்குரியதுன்னு ரிப்போர்ட் எழுதிட்டேன். க்ளெய்ம் ஒரு வருஷம் நின்னு போச்சு. அந்தம்மாவோட பெரிய பையன் ஸ்கூலை விட்டுட்டு லாரி செட்டுக்குப் போயிட்டான்."

"ஏன் வெளில வரல?"

"அப்புறமாத்தான் தெரிஞ்சுது. இப்ப ரோட்டைப் பாக்க விடு."

*

சுஃபியான் வீட்டு காலர் ஐடியில் பதிவான நம்பர்கள்தான் அவர்களுக்கு வழிகாட்டி. ஒவ்வொரு வெள்ளியும் ஒவ்வொரு மோட்டல். கடைசி மூன்று வெள்ளி மட்டும் ஒரே நம்பர். வழியில் ஃபோர்ட் பிராக் மோட்டலில் விசாரித்தபோது, முகம்மது ரூமில் மறந்துவிட்டுப் போனதாக ஒரு ஃபோட்டோ கவரைக் கொடுத்தார்கள். பிரிண்ட் போட்ட இருபத்துநாலு படங்கள்.

கடைசி நம்பர் இருக்கும் இடத்துக்கு இரண்டு மைல் முன்னால், பெட்ரோல் பங்கோடு சேர்ந்த ஒரு காபிக் கடை இருந்தது. உள்ளே ஒரு வயதான வெள்ளைக்காரி மட்டும். முகம்மதுவின் படத்தைக் காட்டியதும் அவள் முகம் மலர்ந்தது.

"இவரா? ரொம்ப மரியாதையான மனுஷன். தினமும் மூணு மணிக்கு வருவார், இன்னைக்கும் இப்பத்தான் வந்துட்டுப் போனார். ரெண்டு காபி. ஒண்ணு பிளாக். இன்னொண்ணுல பால் நிறைய, சர்க்கரை மூணு. அது வைஃபுக்காம்."

"அந்த வைஃபைப் பாத்திருக்கீங்களா?" காமாக்ஷி கேட்டாள்.

"கார்ல இருக்கான்னு சொல்வார். குளிர் ஒத்துக்காதாம்." அவள் சற்றுத் தயங்கினாள். "ஆனா ஒண்ணு. சாயங்காலம் கடையைச் சாத்தும்போது பாக்கிங் லாட்ல இருக்கற குப்பை பேரல்ல பாப்பேன், திரும்ப இந்தப் பக்கம் வந்து போட்டுட்டுப் போறார் போல. பால் காபி அப்படியே கிடக்கும். மூடியைக்கூடத் திறந்திருக்க மாட்டாங்க."

வெளியே வந்ததும் காமாக்ஷி ஃபோட்டோக்களைக் கார் பானெட் மேல் பரப்பினாள். பாறை, கலங்கரை விளக்கம், ரெட்வுட் மரக் காடு, மறுபடி பாறை. பதினோரு படத்தில் முகம்மது நிற்கிறார். லத்தீஃபா ஒன்றில்கூட இல்லை.

"சில லேடீஸ் ஃபோட்டோக்கு நிக்க மாட்டாங்க மேடம்."

"சரி, அவங்க நிக்கல. அவர் நிக்கறாரே, அதை எடுத்தது யாரு?"

"அவங்கதான்."

"நல்லாப் பாரு. பதினோரு படமும் ஒரே உயரத்துலேர்ந்து எடுத்தது. கீழேர்ந்து பாத்த மாதிரி இவர் தாடைதான் முன்னால தெரியுது. லத்தீஃபா அஞ்சடி மூணு அங்குலம்னு அண்ணன் சொல்லியிருக்கார். முட்டி போட்டா எடுத்தாங்க?" காமாக்ஷி ஒரு படத்தின் கீழ்மூலையில் விரலை வைத்தாள். நீல நிறத்தில் ஒரு பளபளப்பு. "இது அவரோட கார் பானெட். கேமராவை அது மேல வெச்சு, டைமரை அமுக்கிட்டு ஓடிப்போய் நின்னிருக்கார்."

கிட்டுசாமி பதினோரு படத்தையும் மறுபடி பார்த்தான். பத்து வினாடிக்குள் ஓடிப்போய் நின்று, சட்டையைச் சரிசெய்து, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுச் சிரிக்க முயலும் மனிதர். எல்லாப் படத்திலும் வலது பக்கம் அந்த இடம் காலியாக இருந்தது.

"அப்ப அந்தம்மா இந்த ட்ரிப்புக்கு வரவே இல்ல," என்றான் மெதுவாக.

"வரல."

"வீட்டுலயே முடிச்சுட்டு, ஊரெல்லாம் ரெண்டு காபி வாங்கி, உயிரோட இருக்கற மாதிரி காட்டிட்டுத் திரியறான். மேடம், நேத்து நான் போய் நின்னேனே அந்த வீட்டு வாசல்ல! மூணு தடவை பெல் அடிச்சேன். கர்ட்டன்லாம் இழுத்து மூடியிருந்தது. உள்ளதான்..." அவன் முடிக்கவில்லை.

காமாக்ஷிக்கும் வேறு விதமாகத் தோன்றவில்லை. கணக்கு அப்படித்தான் வந்தது. ஆனாலும் அந்தக் காலி இடம் அவளை உறுத்தியது. ஊரை ஏமாற்ற நினைக்கிறவன் கடைக்காரியிடம் இரண்டு காபி வாங்கினால் போதும். யாருமே பார்க்காத ஃபோட்டோவில் எதற்காக இடம் விட்டு நிற்க வேண்டும்?

*

மோட்டல் என்றால் குஜராத்தி என்பது அமெரிக்காவில் எழுதப்படாத விதி. இங்கே கோகிலாபென். முட்டிவலிக்குத் தைலம் தடவிக்கொண்டே, இந்தியும் ஆங்கிலமுமாக அவள் பேசினாள்.

"ஆறாம் நம்பர் ரூம். மூணு வாரமா இருக்கார். வைஃபா? எந்த வைஃப்? ஒரு தலையணைதான் கசங்கியிருக்கும். நான்தானே பெட்ஷீட் மாத்தறேன்."

"அவர்கிட்ட ஏதாவது வித்தியாசமா கவனிச்சீங்களா?"

"காலண்டர்ல தினமும் ஒரு கட்டம் அடிக்கிறார். இன்னும் ஒன்பது நாள் பாக்கி. அப்புறம் காலி பண்றேன்னார்." கோகிலாபென் தைல பாட்டிலை மூடினாள். "வந்த முதல் நாள் சாயங்காலம் ஓடி வந்து, பிறை தெரியுதா பாருங்கன்னு என்னைக் கூப்பிட்டார். கடல் மேல நூல் மாதிரி தெரிஞ்சது. அவங்க ஆளுங்க பிறை பாத்தா சந்தோஷப்படுவாங்களே, இவருக்கு முகம் செத்துப் போச்சு. ரெண்டாவதும் வந்துடுச்சுன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போய்ட்டார். அன்னைக்கு ராத்திரி நான் ரொட்டி குடுத்து அனுப்பினேன். தொடவே இல்ல."

"இப்ப எங்க இருக்கார்?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பாறை விளிம்பை ஒட்டி, ஒரு நீலக் கார் தனியாக நின்றது.

மணி மூன்றே முக்கால். நியூஜெர்ஸியில் சுஃபியான் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

*

டிரைவர் சீட்டில் நரைத்த தாடியோடு ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாஷ்போர்டு மேல் ஒரு காலிக் கப். பக்கத்து சீட்டில் மூடி திறக்காத இன்னொரு பேப்பர் கப். அது சாயாமல் இருக்க ஒரு துண்டை வளையமாகச் சுற்றி வைத்திருந்தார். காமாக்ஷி கதவுப் பிடியில் கை வைத்ததும் அவர் பதறினார்.

"அங்க உக்காராதீங்க. அது லத்தீஃபா சீட்டு."

காமாக்ஷி பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கிட்டுசாமி மறுபக்கம் ஏறிக்கொண்டான். பின்னாலிருந்து பார்க்க, அந்த மனிதரின் பிடரியும் ரியர்வியூ கண்ணாடியில் ஒரு ஜோடிக் கண்ணும்தான் தெரிந்தன.

"நான் காமாக்ஷி. பிரைவேட் டிடெக்டிவ். உங்க மச்சான் சுஃபியான் அனுப்பினார். லத்தீஃபா எங்க சார்?"

"ரூம்ல தூங்கறா."

"ரூம்ல யாரும் இல்லைன்னு ஓனரம்மா சொல்றாங்க."

"நடக்கப் போயிருக்கா. பீச்ல."

"கீழ பீச்சே இல்ல சார். நூறடி பள்ளம்," என்றான் கிட்டுசாமி. "கதை சொன்னாலும் நிலவரம் பாத்துச் சொல்லுங்க."

காமாக்ஷி அந்தப் பதினோரு படங்களையும் எட்டி முன்பக்கம் வைத்தாள். முகம்மது அவற்றைப் பார்த்தார். எடுத்து அடுக்கினார். வேறு பொய் எதுவும் தேடவில்லை.

"அஞ்சு மணிக்குள்ள நான் பதில் சொல்லலைன்னா உங்க மச்சான் போலீஸுக்குப் போவார். கொலைன்னு சொல்வார். இப்ப இருக்கற நிலைமைல உங்க பேருக்கு என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்." குரல் அமைதியாக இருந்தது. "வரட்டும். எங்க கூப்பிட்டாலும் போறேன். என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இன்னும் ஒன்பது நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க. ஒன்பதே நாள். அது வரைக்கும் யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது."

கிட்டுசாமி காமாக்ஷியைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினான். பாத்தீங்களா, வீட்டுக்குள்ளதான் இருக்கு என்று அர்த்தம்.

காமாக்ஷி அவனைப் பார்க்கவில்லை. அவள் மனசு எங்கோ இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் பார்த்தது இரண்டாவது பிறை. அப்படியானால் முதலாவது பிப்ரவரியில். கிளம்பியது ஜனவரியில். ஒன்பது நாள் கழித்து வரப்போவது மூன்றாவது. தட்டக் கூடாத கதவு. நாலு தடவை தட்டியும் திறக்காத வாணியம்பாடிக் கதவு. உள்ளே கேட்ட பாத்திரச் சத்தம்.

கார் ஜன்னல்கள் மூடியிருந்தன. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் கிட்டுசாமியின் ஷூ தன் வேலையைக் காட்டியது.

"கிட்டு," என்றாள். "நேத்து நீ இடிச்சது யார் வீட்டுக் குப்பைத் தொட்டி?"

"இப்ப எதுக்கு மேடம் அது?"

"யார் வீட்டுது?"

"இவங்க வீட்டுதுதான். குபெர்டினோல. நேத்து அந்தத் தெருவுல குப்பை வண்டி வர்ற நாள், எல்லார் வீட்டு வாசல்லயும் தொட்டி நின்னுது. பெல் அடிச்சேன், யாரும் வரல, திரும்பி ரிவர்ஸ் எடுத்தேன், இடிச்சேன்."

"உள்ள என்ன இருந்தது?"

"சொன்னா வாந்தி வரும். மீன் தலை, செதிள், புளிச் சக்கை, மென்னு துப்பின முருங்கைக்காய்..." கிட்டுசாமியின் வாய் அப்படியே நின்றது. அவனை அறிந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம்.

"ரெண்டரை மாசமா பூட்டிக் கிடக்கற வீடு," என்றாள் காமாக்ஷி. "வாராவாரம் குப்பை வண்டி வந்து காலி பண்ற தொட்டி. அதுல நேத்து மீன் தலை. செத்தவங்க முருங்கைக்காய் மெல்ல மாட்டாங்க கிட்டு. லத்தீஃபா அந்த வீட்டை விட்டுக் கிளம்பவே இல்ல. அவங்க அங்கதான் இருக்காங்க. வெளில வந்தது இவர்தான்."

முகம்மது ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"வாணியம்பாடி அம்மா ஏன் வெளில வரலைன்னு கேட்டியே. அவங்க இத்தா இருந்தாங்க. புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாள் பொண்ணு வீட்டோட இருக்கணும். அது எனக்கு அப்பத் தெரியாது. எங்க ஆபீஸ்ல ஒரு பாய் ஒரு வருஷம் கழிச்சுச் சொன்னார். அதுக்குள்ள அந்தப் பையன் லாரி செட்டுக்குப் போயாச்சு." காமாக்ஷி முன் சீட்டுப் பக்கம் சாய்ந்தாள். "விவாகம் முறிஞ்சாலும் இத்தா உண்டு. ஐம்பது தாண்டினவங்களுக்கு மூணு பிறை, அதாவது மூணு மாசம். சரிதானே சார்? யார் கேட்டது? நீங்களா, அவங்களா?"

"அவதான்," என்றார் முகம்மது. "குலா கேட்டா, பொண்ணே கேட்டு வாங்கற விவாகரத்து. ஜனவரில, ஒரு ஆலிம், ரெண்டு சாட்சி, அவ்வளவுதான். கால் மணி நேரத்துல முடிஞ்சுது. அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுல இருக்கக் கூடாது, அவ இருக்கணும். கிளம்பிட்டேன். ஊருக்குள்ள இருந்தா நாலு பேர் பாத்து பீவி எங்கன்னு கேப்பாங்க. அதான் இங்க. வேலையும் டிசம்பர்லயே போயிடுச்சு."

"அண்ணன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டா. மச்சான் ஆறு பேரைக் கூட்டிட்டு ஃப்ளைட் ஏறி வந்து, மூணு நாள் எங்க ஹால்ல உக்காந்தார். அவ எழுதின லெட்டரை அவளே கிழிச்சுப் போடற வரைக்கும் யாரும் எந்திரிக்கல. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன் மேடம். நிம்மதியா இருந்தது எனக்கு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் தடவை ஒரே ஒரு கண்டிஷன் போட்டா. மூணு மாசம் யாரும் வந்து என்னைச் சமாதானம் பண்ணக் கூடாது, நீங்கதான் பாத்துக்கணும்னா. சரின்னு வாக்குக் குடுத்தேன்."

"மீனு?" கிட்டுசாமியால் அடக்க முடியவில்லை.

"மில்பிடாஸ்ல ஒரு கடையில சொல்லி வெச்சிருக்கேன். சனிக்கிழமை பின்வாசல்ல பையை வெச்சுட்டு, பெல் அடிக்காம போயிடுவாங்க."

"சரி சார். ஆனா இந்த காபி? கடைக்காரிக்காக வாங்கறீங்கன்னா குடிச்சுட்டுப் போடலாமே. ஏன் மூடிகூடத் திறக்காம..."

முகம்மது வைப்பரைத் தட்டினார். வைப்பர் ஒரு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு நின்றது.

"அவ கடலோர ஊர்ல பொறந்தவ. இந்த ரோட்ல ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கன்னு பன்னெண்டு வருஷமா கேட்டா. ஆபீஸ்ல அடுத்த சாஃப்ட்வேர் ரிலீஸ் முடியட்டும், அடுத்த சம்மர் பாக்கலாம்னு சொல்லிட்டே இருந்தேன். அப்புறம் அவ கேக்கறதை நிறுத்திட்டா. அதைக்கூட நான் கவனிக்கல." அவர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். "கடைசியா குலா கேட்டா. அதை மட்டும் அன்னைக்கே குடுத்துட்டேன்."

காமாக்ஷி வாட்சைப் பார்த்தாள். நாலரை.

"அந்த காபியைக் குடுங்க சார்," என்றாள்.

அவர் புரியாமல் கப்பை எடுத்து நீட்டினார். காமாக்ஷி மூடியைத் திறந்து, ஆறிப்போன அந்தப் பால் காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பாகு மாதிரி இனித்தது.

*

மோட்டல் ஆபீஸ் ஃபோனில் ஒரே ரிங்கில் சுஃபியான் எடுத்துவிட்டார்.

"என் தங்கச்சி மய்யித்து எங்க மேடம்?"

"மய்யித்து இல்ல. உயிரோட நல்லா இருக்காங்க. இவர் தினமும் ரெண்டு காபி வாங்கறார். இன்னைக்கு ரெண்டு கப்பும் காலி. நானே பாத்தேன்." சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய் க்ளெய்ம்களோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூட வராதா?

"அப்ப ஃபோனைக் குடுங்க."

"உங்ககிட்ட இப்பப் பேச மாட்டாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஆறு பேரோட வந்து மூணு நாள் ஹால்ல உக்காந்தீங்களே. அது இன்னும் ஆறல."

"அவ சொன்னாளா?" என்று கேட்டபோது அந்தக் குரலில் பாதிதான் மிச்சமிருந்தது. "நான் அவ நல்லதுக்குத்தான்... சாப்பிடறாளா?"

"முந்தாநாள் மீன் குழம்பு. முருங்கைக்காய் போட்டு."

"முருங்கைக்காய் போட்டா?" அந்தக் கறாரான மனிதர் ஃபோனிலேயே உடைந்து அழுதார். "எங்க உம்மா அப்படித்தான் வைப்பாங்க. ஊர்ல வேற யாரும் மீன்ல முருங்கைக்காய் போட மாட்டாங்க."

"ஒன்பது நாள் குடுங்க காக்கா." கீழக்கரைப் பக்கம் அண்ணனுக்கு அதுதான் வார்த்தை. "அதுக்கப்புறம் அவங்களே கூப்பிடுவாங்க. கூப்பிட்டா, பேசாதீங்க. கேளுங்க."

அவர் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "போலீஸுக்குப் போகல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

*

முகம்மது காரை விட்டு இறங்கி, பாறை விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காமாக்ஷி விஷயத்தைச் சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினார்.

"அவங்க யாருக்கும் கதவைத் திறக்கல சார்," என்றாள் அவள். "இவன் மூணு தடவை பெல் அடிச்சிருக்கான்."

"பயந்திருப்பா." அவர் கிட்டுசாமியைப் பார்த்தார், கோபமில்லாமல். "தனியா இருக்கா இல்லையா."

"ஒன்பது நாள் முடிஞ்சதும் வீட்டுக்குப் போய்டலாமே சார், ஏன் இவ்வளவு சோகமா இருக்கீங்க?" கிட்டுசாமி தேற்றப் பார்த்தான்.

"வீடு இருக்கும் தம்பி. பிறை தெரிஞ்ச மறுநாள் காலைல அவ சாவியைப் பின்வாசல்ல வெச்சுட்டுக் கிளம்பிடுவா. ஃப்ரீமான்ட்ல ரூம் பாத்து வெச்சிருக்கா. டேகேர்ல வேலை. இப்ப வரைக்கும், நான் இங்க இருந்தாலும், அவ என் வீட்டுல இருக்கா. நான் அனுப்பற மீனைச் சமைக்கிறா. அதுக்கப்புறம் நான் யாரோ, அவ யாரோ."

காமாக்ஷி கம்பியில் சாய்ந்தாள். ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று வாயில் வந்தது. "வீட்டுக்குப் போனதும் பால் மட்டும் அரை கேலன் வாங்குங்க சார். நான் இன்னும் பழகல."

கிட்டுசாமி தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்தான்.

"இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பிறை தெரிஞ்சா அன்னையோட சரி," என்றார் முகம்மது. "மேகம் மூடித் தெரியலைன்னா முப்பது நாளாக் கணக்கு வெச்சுக்கணும். ஒரு நாள் கூடக் கிடைக்கும் மேடம். ஊரெல்லாம் பிறை தெரியணும்னு கேக்கும். நான் மேகம் மூடணும்னு துஆ கேக்கறேன்."

கடல் எங்கே முடிந்து வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கீழே அலை மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிட்டுசாமி பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தான். வாய்க்கு வந்த நையாண்டி எதையும் அவன் சொல்லவில்லை.

"கவலைப்படாதீங்க சார்," என்றான். "இந்த ஊர்ல எப்பவும் மேகம்தான்."